காமலாபுரத்து விமானமும் சென்னைக் கடிகாரமும்

"சேலத்துல ஏர்போர்ட் இருக்கா?!" என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது மக்களே, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், 1993லிருந்தே. விமானம்தான் வருவதும் நிற்பதுமாக இருந்தது. முதலில் என்இபிசி கொஞ்ச காலம். 2009ல் கிங்ஃபிஷர், அந்தக் கம்பெனியே 2012ல் படுத்துவிட்டது.

உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது 25 மார்ச் 2018. அது 2021ல் நின்றபின், இண்டிகோ வந்தது 29 அக்டோபர் 2023. காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். முதலாவது மார்ச்சின் கடைசி ஞாயிறு, அடுத்தது அக்டோபரின் கடைசி ஞாயிறு. யாரும் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததில்லை :-) சர்வதேச அளவில் விமானக் கால அட்டவணை மாறும் நாட்கள் அவை. (அலையன்ஸ் ஏர் மட்டும் 2023 அக்டோபர் நடுவிலேயே வந்துவிட்டது.)

ஏன் நாள் பார்க்க வேண்டும்? நெரிசலான விமான நிலையத்தில் இறங்கவும் ஏறவும் நேர ஒதுக்கீடு வேண்டும். அதற்கு ஸ்லாட் என்று பெயர். 1969ல் அமெரிக்கா, நியூயார்க் வட்டாரம், சிகாகோ, வாஷிங்டன் என ஐந்து நிலையங்களில் மணிக்கு இத்தனை விமானம்தான் என்று கட்டுப்பாடு போட்டது. பிறகு உலகப் பொது வழக்கம் ஒன்று வந்தது: ஒரு சீசனில் தன் ஸ்லாட்டில் 80 சதவீதத்தைப் பயன்படுத்திய கம்பெனிக்கே அடுத்த வருடமும் அது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். புதிதாக வருபவனுக்கு மிச்சம் மீதி.

காமலாபுரத்தில் ஓடுபாதை பெரும்பாலும் காலி. சிக்கல் மறுமுனையில். சென்னையில் இரண்டு ஓடுபாதை இருந்தும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் இஷ்டப்படி ஓட்ட முடியாது. காலை நெரிசலில் கிடைக்கும் ஒரு ஸ்லாட்டை 180 பேர் ஏறும் ஏர்பஸ்ஸுக்குக் கொடுப்பார்களா, 70 பேர் ஏறும் ஏடிஆருக்கா? கம்பெனிக்காரன் கணக்கு நமக்கே தெரியும்.

தாமதமும் இப்படித்தான் வந்து சேர்கிறது. ஒரே ஏடிஆர் ஒரு நாளில் பல ஊர் போய் வரும். காலையில் எங்கோ இழந்த அரை மணி நேரம் ஊர் ஊராகத் தொற்றிக்கொண்டு வரும். நம் ஊர் வானம் பளிச்சென்றுதான் இருக்கும்!

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரிக்கோ நாமக்கல் முட்டை வியாபாரிக்கோ வேண்டியது காலையில் போய், வேலையை முடித்து, அன்றிரவே வீடு திரும்பும் நேரம். அது அமையாவிட்டால் டிக்கெட் மலிவாக இருந்து என்ன? ராத்திரி சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை.