கோப்பைத் திறக்கும் கை

தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டுக்கு இடமளித்த கோலாலம்பூர், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்டில், தமிழ் இணைய மாநாட்டையும் தன் மண்ணில் கூட்டியது. முன்னதன் புகழ் சரித்திர நூல்களில் ஏறிவிட்டது. பின்னதைப் பற்றிப் பேசுவோர் நம்மில் குறைவு. ஆயினும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்று ஒருவர் தம் கணினியில் ஒரு கோப்பைச் சொடுக்கியதும் தமிழ் தமிழாகவே விரிகிறதென்றால், அந்த இணைய மாநாட்டைச் சூழ்ந்திருந்த விவாதங்களுக்கும் அதில் பங்குண்டு. ஒரு கோப்பைத் திறக்கத் தகுந்த செயலி எது, அதை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி லினக்ஸ் மேசைக்கணினியில் பிறந்ததன்று. தமிழ் எழுதுவோர் அதன் கசப்பை வேறொரு வடிவில் முன்பே சுவைத்திருந்தார்கள்.

கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன் மலேசியாவில் 1985 அளவில் உருவாக்கத் தொடங்கிய 'முரசு', பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, கணினியில் தமிழ் எழுதும் காரியத்தைச் சாமானியர்க்கும் எட்டச் செய்தது. அக்காலத்தில் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தன் இஷ்டம்போல் எண்களை வகுத்துக்கொண்டிருந்தபடியால், ஓர் அச்சகத்தில் கோத்த கல்யாணப் பத்திரிகையையோ கோயில் திருவிழா அறிவிப்பையோ அடுத்த அச்சகத்தின் கணினியில் திறந்தால், தலையில் குறிகள் முளைத்த ரோமானிய எழுத்துகளின் குவியலே எதிர்ப்படும். எந்த மென்பொருள் தன்னை ஈன்றது, எந்த எழுத்துருவால் தன்னை வாசிக்க வேண்டும் என்று சொல்லும் சக்தி அந்தக் கோப்புக்கு இல்லை. ஆகவே கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் உண்டாயிற்று.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, மலேசியா, சுவிட்ஸர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தமிழகம் எனப் பரவியிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடி விவாதித்து, 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். ஒரே அட்டவணையின் முன்பாதியில் ஆங்கிலமும் பின்பாதியில் தமிழும் அமர்ந்திருந்த எட்டுபிட் ஏற்பாடு அது. 1999-இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற வேறு இரண்டைத் தரமாக அறிவித்ததனால் பாதை மறுபடியும் பிரிந்தது. திஸ்கிப் பக்கங்களை வலையில் இட்டவர்கள் அக்காலத்து உலாவிகளிடம் 'பயனர் வரையறுத்தது' என்ற குறியீட்டுப் பெயரைச் சொல்லி, வாசகர் அந்த இடத்தில் திஸ்கி எழுத்துரு ஒன்றைத் தாமே பொருத்திக்கொள்ளும்படி வேண்டினார்கள். எதைக்கொண்டு வாசிப்பது என்பதை வாசகரே தீர்மானிக்கும் வழி அப்படித்தான் தமிழருக்குப் பழக்கமாயிற்று. எவ்வளவோ பேர் அந்த ஒரு படியைத் தாண்ட இயலாமல் திரும்பிப் போயிருப்பார்கள் என்பதை எண்ணும்போது மனம் வருந்தவே செய்கிறது.

வாசகர் தாமே செய்த இந்தத் தீர்மானத்தைக் கணினி செய்ய வேண்டுமானால், அது முதலில் கோப்பின் வகையை அறிய வேண்டும். அந்த வித்தை லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் உலகில் நெடுநாளைய சொத்து. 1973-ஆம் ஆண்டு யூனிக்ஸிலேயே 'ஃபைல்' என்ற கட்டளை இருந்தது. கோப்பின் முதற்சில பைட்டுகளைப் பார்த்து இது இன்னதென ஊகிப்பது அதன் தொழில். ஊகித்தால் போதாது, அனுப்புபவரே வகையைச் சொல்லிவிட வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியவர்கள் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் ஒரு மின்னஞ்சலோடு தம் பாட்டுக்குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் 'மைம்' என்ற விதி வெளியாயிற்று. இன்று எந்தக் கணினியும் உச்சரிக்கும் 'டெக்ஸ்ட்/பிளெயின்', 'இமேஜ்/ஜேபெக்' முதலிய இரட்டைப் பெயர்கள் அதன் குழந்தைகளே. இடப்புறம் வகையின் பெயரும் வலப்புறம் அதைத் திறக்கும் கட்டளையும் எழுதிவைத்த 'மெயில்கேப்' என்ற சிறு கோப்பும் அவ்வழியில் வந்ததுதான்.

லினக்ஸின் மேசைச்சூழல்களாக 1996-இல் கேடிஈயும், மறுஆண்டு க்னோமும் தோன்றியபின், ஒவ்வொன்றும் தனக்கெனப் பட்டியல் வைத்துக்கொண்டது. ஒன்றில் செய்த தேர்வை மற்றொன்று மதியாது. இந்தப் பிணக்கைத் தீர்க்க 2000-இல் ஹவாக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் நிழலில், கோப்பு வகைகளுக்கு ஒரு பொது அட்டவணையும், ஒவ்வொரு செயலியும் தான் திறக்கவல்ல வகைகளைத் தானே அறிவிக்கும் 'டெஸ்க்டாப்' கோப்பும், இறுதித் தீர்ப்பை எழுதிவைக்கும் 'மைம்ஆப்ஸ்' பட்டியலும் உருவாயின. அப்பட்டியல் பல இடங்களில் இருக்கலாம்: விநியோகம் தந்தது ஒன்று, நிர்வாகி வைத்தது ஒன்று, பயனரின் சொந்த வீட்டு அடைவில் உள்ளது ஒன்று. மூன்றும் மாறுபட்டால் பயனரின் வரியே வெல்லும். இந்த ஒரு விதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கணினியின் உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சொடுக்கியின் வலப்பொத்தானை அழுத்தி, 'இதைக்கொண்டு திற' என்று நாம் தேர்ந்து, அதையே நிரந்தரமாக்கும்போது எழுதப்படுவது அந்த வரிதான்.

மலேசிய அரசும் 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூலநிரல் பெருந்திட்டத்தை வெளியிட்டது. ஓர் ஆவணத்துக்கு இரண்டு செயலிகள் உரிமை கோரும் பிரச்சினை அதன்பின் அலுவலக மேசைக்கும் வந்தது.

ஆனால் தமிழருக்கு இந்த மைம் பட்டியல் ஏற்பாடு ஒரு குறையை விட்டுவைத்திருக்கிறது. திஸ்கியில் எழுதிய உரைக்கோப்பும், உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு குறியீட்டில் எழுதிய உரைக்கோப்பும் பட்டியலின் கண்ணுக்கு ஒன்றே, இரண்டும் 'டெக்ஸ்ட்/பிளெயின்'. எழுத்துக் குறியீட்டின் பெயரை மின்னஞ்சலில் தலைப்போடு சொல்ல மைம் இடம் வைத்தது. 2004-இல் திஸ்கியும் உலகக் குறியீட்டுப் பதிவேட்டில் ஏறியது. ஆயினும் வட்டில் கிடக்கும் சாதாரண உரைக்கோப்பின்மேல் அந்தப் பெயரை ஒட்டிவைப்பார் இல்லை. எனவே செயலியை எவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தாலும் பழைய திஸ்கிக் கோப்பு அதே ரோமானியக் குவியலாகவே விரியும். இதற்கும் லினக்ஸிலேயே பரிகாரம் உண்டு. 2002-இல் புரூனோ ஹைபிள் லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான க்ளிப்சிக்கு எழுதித் தந்த திஸ்கி மாற்றியினால், 'ஐகான்வ்' என்ற கட்டளை ஒரே வரியில் திஸ்கியை யூனிகோடாக்கிவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அச்சகம் நடத்தியவர்களே, கோயில் நிர்வாகிகளே, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, எழுத்தாளர்களே! தொண்ணூறுகளில் எழுதிய மலர்களும் நாடகங்களும் கூட்டக் குறிப்புகளும் உங்கள் நெகிழ்வட்டுகளிலும் பழைய கணினிகளிலும் கிடந்தால், எறிந்துவிடாதீர்கள். மூலக்கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பதைப் பக்கத்தில் குறித்துவிட்டு, பிறகு யூனிகோடாக மாற்றுங்கள். நெகிழ்வட்டின் காந்தப் படலம் ஆண்டுக்காண்டு தேய்கிறது. அதைப் படிக்கும் கருவிகளும் கடைகளில் அருகிவிட்டன.