எண்ணிம நூலகமும் கைத்தொலைபேசியும்

1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அரிய பிரதிகளை ஒரே கட்டடத்துள் வைத்துப் பேணுதலின் ஆபத்தை ஈழத்தவர் அன்று நன்குணர்ந்தனர்.

தமிழ் நூல்களை எண்ணிம வடிவிற் பேணும் முயற்சிகளுள் இரண்டு இங்கு நோக்கற்பாலன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு வழங்கினர். 2005இல் ஈழத்தவர் தொடங்கிய நூலகத் திட்டமோ காலப்போக்கிற் பெரும்பாலும் பக்கங்களை மின்வருடிப் படிமங்களாகச் சேர்க்கலாயிற்று. சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் முதலியவற்றை விரைந்து காக்க அதுவே தக்க வழி. தட்டச்சிட்டுப் பிழைதிருத்தி முடியுமளவும் தாள் உக்காது காத்திராது.

இவ்விரு முறைகளுக்குமிடையிலான வேறுபாடு மேசைக் கணினியில் அத்துணை உறுத்தவில்லை. கைத்தொலைபேசி வாசிப்புக் கருவியானதும் அது வெளிப்பட்டது. தட்டச்சிட்ட வரிகள் சிறு திரையின் அகலத்துக்கேற்ப மடிந்து கொடுக்கும், படிமம் மடியாது. பல பத்திகளாக அச்சான பழைய பத்திரிகைப் பக்கத்தை விரலாற் பெருப்பித்து, இடமும் வலமும் நகர்த்தியே வாசிக்க வேண்டும். வெறும் படிமத்தினுள் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. இதனை அத்திட்டத்தின் குறையெனல் பொருந்தாது. படிமம் உள்ளவரை எழுத்தாக்கத்தைப் பின்னரும் செய்யலாம். எரிந்த ஏட்டுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

எழுத்துணரி மென்பொருள் இன்று அப்பணியிற் கைகொடுக்கின்றது. ஆயினும் மங்கிய ஈய அச்சில் ரகரத்துக்கும் காலுக்குமிடையே அது மயங்கும். துதிக்கை போல் வளைந்த பழைய லை, னை வடிவங்களிலும் இடறும். அவ்விடங்களைப் பழைய அச்சிற் பழகிய கண்ணே திருத்த வேண்டியுள்ளது.