முக்காலியில் பிறந்த கேள்வி

இத்தாலியில் மோதெனா என்றொரு ஊர். அங்கே ஒரு வீட்டு மலக்குழியை ஒருவர் அள்ளிக்கொண்டிருந்தார். ஏன் இப்படி அரக்கப்பரக்கச் செய்கிறாய், நிதானமாகச் செய்யேன் என்றார் வீட்டுக்காரர். குழிக்குள்ளிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் நின்றால் கண் போய்விடும் என்றார்.

வீட்டுக்காரர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி, மருத்துவர். மேலே ஏறி வந்தவரின் கண்களைப் பார்த்தார். சிவந்து, மங்கிக் கிடந்தன. பார்வை குன்றி ஊருக்குள் பிச்சையெடுத்தவர்களில் பலர் இதே வேலை பார்த்தவர்கள் என்பதும் பிறகு அவர் கண்ணில் பட்டது. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்கு விதை அந்தக் குழிதான். ஏழை வீட்டுக்குப் போகும் மருத்துவர் கிடைத்த முக்காலியில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டும், ஹிப்போக்ரடீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதினார். ‘என்ன தொழில் செய்கிறாய்?’

கேள்வி பிறந்துவிட்டது. அதற்கான கட்டம் நோயாளியின் பதிவேட்டில் பிறக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்கக் கதை இதில் வேடிக்கையானது. அங்கே பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலை கொடுக்கும் கம்பெனி வழியாக வருகிறது. ஆகவே மருத்துவமனையின் முன்மேசையில் கம்பெனி பெயரைத் தவறாமல் கேட்டு எழுதிக்கொள்வார்கள். பில் போக வேண்டுமே! அந்தக் கம்பெனியில் அவர் கணக்கு எழுதுகிறாரா, கல் அறுக்கிறாரா என்பது பில்லுக்குத் தேவையில்லை. இறந்துபோனால் மட்டும் கதை வேறு: ஆயுளில் பெரும்பகுதி என்ன வேலை, எந்தத் துறை என்று இறப்புச் சான்றிதழ் கேட்டுவிடும்.

2009-இல் அமெரிக்க அரசு காகிதப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கச் சட்டம் போட்டது. கட்டங்களைப் புதிதாக வரையும் நேரம். முதல் கட்ட விதிகளில் 13 வயது நிரம்பிய நோயாளி புகைபிடிப்பவரா என்று பதிவது இடம்பிடித்தது. பகல் முழுக்க அவர் எந்தப் புகையில் நிற்கிறார் என்பது இடம்பெறவில்லை. 2011-இல் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ குழு ஒன்று இதை எடுத்துக்கொண்டது. தொழில், தொழில்துறை, நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றை மின்பதிவேட்டில் சேர்க்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னது. தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நையாஷ் அந்த வேலையில் இறங்கியது.

‘தொழில்’ என்று ஒரு கட்டம் வைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ‘எஞ்சினியர்’ என்று ஒருவர் எழுதினால் அவர் பாலம் கட்டுபவராகவும் இருக்கலாம், ரயில் ஓட்டுபவராகவும் இருக்கலாம். ஆகவே என்ன வேலை, எந்த மாதிரி இடத்தில் என்று இரண்டாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மனிதர்கள் தம் வாய்ச்சொல்லில் எழுதும் பதிலைக் குறியீட்டு எண்ணாக மாற்றவே நையாஷ் தனியாக ஒரு மென்பொருள் செய்தது. நையாஷ் உருவாக்கிய தரவு வடிவத்தில் இன்றைய வேலை, பழைய வேலை, நீண்ட காலம் பார்த்த வேலை எல்லாம் தனித்தனி. ஷிப்ட் நேரத்துக்கும், போர்க்களத்தில் இருந்த காலத்துக்கும்கூட இடம் உண்டு.

கொரோனா வந்தபோது யாரை எந்த வேலை நோயில் தள்ளியது என்று தேடியவர்களுக்குப் பெரும்பாலும் வெற்றுக் கட்டங்களே கிடைத்தன. மின்பதிவேடுகளுக்காக அமெரிக்க அரசு வகுக்கும் அடிப்படை மருத்துவத் தரவுப் பட்டியலில், 2022 ஜூலையில் வந்த 3-ஆம் பதிப்பில்தான் தொழிலும் துறையும் ஏறின.

நையாஷின் தரவு வடிவத்தில் எனக்குப் பிடித்தது ‘நீண்ட காலம் பார்த்த வேலை’ என்ற கட்டம்தான். கல்நார் தூசியால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்து தலைகாட்டும். அதற்குள் அந்தத் தூசியில் வேலை பார்த்த கப்பல் பட்டறைக்காரர் ஓய்வு பெற்றிருப்பார். முன்மேசையில் கேட்டால் ‘ரிட்டயர்டு’ என்பார், அதையே எழுதிக்கொள்வார்கள். அமெரிக்க இறப்புச் சான்றிதழின் மாதிரிப் படிவத்தில் தொழிலைக் கேட்கும் கட்டத்திலேயே, ‘ஓய்வு பெற்றவர்’ என்று நிரப்பக் கூடாது என அச்சடித்திருக்கிறது.