ஊர்ப்பெயரும் இணைப்பும்: விக்கி மென்பொருள் தமிழுக்கு இசைந்த வரலாறு

தேனியைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுபவர் ‘[[தேனி]]யில்’ என்று தட்டினால் சொல் முழுவதும் இணைப்பாகிவிடும். கம்பத்துக்கு அப்படி நடக்காது. வேற்றுமை ஏற்கும்போது மகரம் கெட்டு, அத்துச் சாரியை சேர்ந்து ‘கம்பத்தில்’ என்றாகிவிடுகிறது. ஆகவே ‘[[கம்பம்|கம்பத்தில்]]’ என்று நடுவில் ஒரு குத்துக்கோடு இட்டு, போக வேண்டிய பக்கத்தையும் கண்ணுக்குத் தெரிய வேண்டிய சொல்லையும் தனித்தனியே எழுத வேண்டும். சின்னமனூரின் நிலை வேறு. ஈற்று மெய்யின் மேல் இகரம் ஏறி ‘ரி’ ஆவதால், அடைப்புக்குறியை எங்கே மூடினாலும் ஓர் எழுத்து பிளவுபடும். அங்கும் குத்துக்கோடுதான் வழி. ஒரே சாலையில் வரும் இந்த மூன்று ஊர்களும், பெயரின் ஈற்றுக்கு ஏற்ப மென்பொருளிடம் வெவ்வேறு வேலை வாங்குகின்றன.

ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பிறந்த கருவி இது. தமிழைத் தாங்கும் நிலைக்கு அது படிப்படியாகத்தான் வந்தது. அந்தப் படிகளைத் தேனி மாவட்டத்து ஊர்களை முன்னிறுத்தி இக்கட்டுரை தேடிச்செல்கிறது.

1995 மார்ச் 25 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த நிரலாளர் வார்ட் கன்னிங்காம் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார். மென்பொருள் வடிவமைப்பு பற்றித் தம் துறையினர் சேர்ந்து குறிப்பெழுத ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். பக்கத்தைப் படிப்பவரே திருத்தலாம் என்ற ஏற்பாட்டைத்தான் எல்லாரும் அதன் புதுமையாகச் சொல்வார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு, இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கும் இணைப்புக் கொடுக்கலாம் என்பது. அந்த இணைப்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதைச் சொடுக்குபவர் எழுதத் தொடங்கலாம். இன்று விக்கிப்பீடியாவில் நாம் காணும் சிவப்பு இணைப்பு இதன் வழிவந்ததே.

ஆனால் அந்த இணைப்பு உருவான விதம் தமிழுக்கு அடைத்த கதவு. இரண்டு சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் மென்பொருள் அதை இணைப்பு என்று புரிந்துகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. 2001 ஜனவரி 15 அன்று யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் விக்கிப்பீடியா தொடங்கியபோதும் இதே முறைதான் இருந்தது. கலைக்களஞ்சியத் தலைப்புகள் ஒட்டுச் சொற்களாக நிற்பது ஆங்கிலத்திலேயே பொருந்தாமல் போனதால், அதே ஆண்டின் தொடக்க மாதங்களில் இரட்டைச் சதுர அடைப்பு வந்தது. ஆங்கிலத்தின் வசதிக்காகச் செய்த அந்த மாற்றம், பெரிய எழுத்தே இல்லாத மொழிகளுக்கெல்லாம் வழி திறந்துவிட்டது.

பிறகு எழுத்துரு. தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடில் 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் இயங்கின. படிப்பதற்கு மட்டுமான தளமென்றால் அதற்குரிய எழுத்துருவை இறக்கிக்கொண்டு சமாளிக்கலாம். ஒரே பத்தியைப் பலர் திருத்தும் விக்கியில் அது கூடவே கூடாது. ஒருவர் திஸ்கியிலும் இன்னொருவர் டாபிலும் எழுதினால் பக்கம் சிதைந்துவிடும். 2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில் நின்றதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம். அவ்வாண்டு நவம்பரில் வந்து சேர்ந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடாவில் பணியாற்றிய கட்டடக் கலைஞர். இடைமுகத்தைத் தமிழாக்கும் பணியிலும் தொடக்கக் கட்டுரைகளிலும் அவர் தனியொருவராகச் சுமந்த பாரம் மிகப் பெரியது.

யூனிகோடுக்கும் ஒரு விலை உண்டு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் உட்பட ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கம்பம்’ 18 பைட் எடுக்கும். விக்கித் தலைப்பு 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் தமிழ்த் தலைப்புக்குக் கிடைப்பது 85 குறிகள் மட்டுமே. பக்க வரலாற்றில் தெரியும் பைட் அளவை வைத்துத் தமிழ்க் கட்டுரையையும் ஆங்கிலக் கட்டுரையையும் ஒப்பிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விக்கியின் நினைவாற்றலும் மெல்லத்தான் வளர்ந்தது. கன்னிங்காமின் முதல் விக்கியில் பழைய வடிவங்களை முழுமையாகச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இல்லை. யூஸ்மாட்விக்கி அவற்றைச் சில காலத்துக்குப் பின் கழித்துவிடும். மாக்னஸ் மான்ஸ்கே 2001இல் பி.எச்.பி.யில் எழுதி, லீ டேனியல் குரோக்கர் 2002இல் திருத்தி அமைத்த மென்பொருளே 2003இல் மீடியாவிக்கி என்ற பெயரைப் பெற்றது. அதில் ஒவ்வொரு திருத்தமும் எழுதியவர் பெயரோடும் நேரத்தோடும் நிலைத்து நிற்கிறது. இரண்டு வடிவங்களை அருகருகே வைத்து எது போயிற்று, எது வந்தது என்று பார்க்கலாம். தவறானதை ஒரே சொடுக்கில் மீளமைக்கலாம்.

இதன் அருமை முல்லைப்பெரியாறு போன்ற பொருளில் தெரியும். 1886இல் 999 ஆண்டுக் குத்தகை, பென்னிகுவிக்கின் மேற்பார்வையில் கட்டி 1895இல் திறந்த அணை, நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்த நீரை நம்பியிருக்கிறது. அணை இருப்பதோ கேரளத்தில். இரு மாநிலமும் வழக்காடும் ஒன்றைப் பற்றி யாரும் திருத்தக்கூடிய பக்கத்தில் எழுதும்போது, ஒரு எண் எப்போது மாறியது, யார் மாற்றினார், என்ன சான்று காட்டினார் என்பது அழியாமல் இருந்தாக வேண்டும். உரையாடல் பக்கமும் மேற்கோள் இடும் வசதியும் அதற்குத் துணை. தமிழ்க் கட்டுரையையும் மலையாளக் கட்டுரையையும் மொழியிணைப்பு வழியே அருகருகே திறந்து படிக்க முடிவதை இந்த மென்பொருளின் நற்பேறாகவே கருதுகிறேன்.

பெயர்ச் சிக்கலுக்கு இரண்டு கருவிகள் உள்ளன. ‘போடி’ என்று தேடுபவரைப் போடிநாயக்கனூருக்கும், ‘முல்லைப்பெரியாறு’ என்பதைச் சேர்த்தோ இடம்விட்டோ எழுதுபவரை உரிய தலைப்புக்கும் வழிமாற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். சந்தியும் சொற்பிரிப்பும் ஆளுக்கு ஆள் மாறும் தமிழில் இது ஆங்கிலத்தைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஆந்திரத்திலும் ஒரு கம்பம் இருக்கிறது. அத்தகைய இடங்களில், ஒரே பெயருள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் துணைசெய்யும்.

2004இல் பகுப்புகளும் விரிவான வார்ப்புருக்களும் வந்தன. தரவை அச்சில் வார்க்கும் வசதி வந்ததும் தானியங்கிகளுக்கு வேலை பெருகியது. 2015 வாக்கில் நீச்சல்காரன் என்ற பங்களிப்பாளர் இயக்கிய தானியங்கி, தமிழ்நாட்டின் ஊராட்சிகளைப் பற்றி அரசுத் தரவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஏற்றியது. வட்டாரம், தொகுதி, மக்கள்தொகை, கைக்குழாய், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஊரணி, சுடுகாடு எல்லாம் அட்டவணையாக வந்தன. தேனி மாவட்டத்தின் 8 ஒன்றியங்களில் உள்ள 130 ஊராட்சிகளும் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வருபவை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்கள் நெருங்கியவை. கோம்பை, தேவாரம், காமயகவுண்டன்பட்டி, பண்ணைப்புரம் எல்லாம் பேரூராட்சிகள். மாவட்டத்தில் இப்படி 22 உண்டு. ஊராட்சிப் பட்டியலில் இவை வாரா. இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தைப் பற்றிய செய்தியைக் கைக்குழாய்க் கணக்கு தராது. மனிதர்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதியவர்கள் இம்மண்ணிலும் உண்டு. ‘முத்துக்கமலம்’ இணைய இதழை நடத்தும் தேனி மு. சுப்பிரமணி, தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர். அதன் வரலாற்றையும் செயல்முறையையும் விளக்கும் ‘தமிழ் விக்கிப்பீடியா’ என்ற அவரது நூல் 2010இல் மெய்யப்பன் பதிப்பக வெளியீடாக வந்தது. திரையில் மட்டுமே இருந்த தொகுத்தல் முறைகளை அச்சுக்குக் கொண்டுவந்தது, இணையம் எட்டாத வாசகருக்குச் செய்த தொண்டு. அப்போது பிரவுசிங் சென்டர் கணினியில் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இல்லையென்றால் பலரால் ஒரு வரிகூட எழுத முடியாது. 2011இல் வந்த நாராயம் நீட்சி, எதையும் நிறுவாமலே உலாவியில் தமிழ் எழுத வைத்தது. மலையாள விக்கியர் உருவாக்கிய கருவி அது. மலைக்கு இப்புறமும் பயன்பட்டது.

2012இல் தொடங்கிய விக்கித்தரவு, ஓர் எண்ணை ஓரிடத்தில் வைத்து எல்லா மொழிப் பக்கங்களுக்கும் அனுப்ப வழி செய்கிறது. 2013இல் லுவா நிரல் சேர்ந்ததும் வார்ப்புருக்கள் அந்த எண்ணைத் தாமே எடுத்துக் காட்டும் திறன் பெற்றன. ஊராட்சிக் கட்டுரைகளிலோ 2011 கணக்கெடுப்பின் எண்கள் பெரும்பாலும் வாக்கியத்துக்குள்ளேயே பதிந்து கிடக்கின்றன. 2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவருமுன் தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளுக்கும் 22 பேரூராட்சிகளுக்குமான எண்களை விக்கித்தரவுக்கு மாற்றும் பணியை மாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் சேர்ந்து எடுத்துச் செய்யலாம். அதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கின்றன.