இறைபோசோமை நகர்த்துவது யார்?

உயிர்க்கலம் ஒவ்வொன்றும் ஓர் உழைப்புக்களம். அங்கே புரதங்களைக் கட்டும் வேலை இறைபோசோமினுடையது. தூது ஆர். என். ஏ. என்னும் இழையிலே பொறிக்கப்பட்ட செய்தியை மும்மூன்று எழுத்துக்களாக வாசித்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் ஓர் அமினோவமிலத்தைச் சேர்த்து, அடுத்த மூன்றெழுத்துக்கு அது நகர்கின்றது. பற்றீரியாவிலே ஒரு செக்கனுக்குப் பத்துக்கும் மேற்பட்ட தடவைகள் இந்நகர்ச்சி நிகழக்கூடும். இதனை நிகழ்த்துவது யார்?

முதல் விடை நியூயோர்க்கிலிருந்து வந்தது. ஜேர்மனியிற் பிறந்து 1939இல் அமெரிக்கா சேர்ந்த பிறிற்ஸ் லிப்மனும், யப்பானியரான யசுதோமி நிஷிசுக்காவும், பற்றீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம் இறைபோசோமுடன் கூடி ஜீ. ரீ. பீ. என்னும் சத்திப்பொருளைச் சிதைப்பதை 1966இல் காட்டினர். அப்புரதமே 'ஜீ' காரணி. நகர்ச்சிக்குத் துணைநிற்பது அதுவே என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. புரதம் தள்ளுகின்றது, இறைபோசோம் தள்ளப்படுகின்றது என்று கருதுவது எளிதாயிற்று.

ஆயின் சோவியத் நாட்டிலே, மொஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள புஷ்சினோவில், லிதியா கவ்ரிலோவாவும் அலெக்சாந்தர் ஸ்பிரினும் 1971இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றை உணர்த்தியது. ஜீ காரணி இல்லை, ஜீ. ரீ. பீ.யும் இல்லை, எனினும் இறைபோசோம் மெதுவாகத் தானே நகர்ந்தது! அமெரிக்காவிலே சிட்னி பெஸ்ற்காவின் சோதனைகளும் சற்று முன்னரே அத்திசையைக் காட்டியிருந்தன. நகரும் ஆற்றல் இறைபோசோமின் அமைப்பிலேயே உறைந்துள்ளது. காரணி அதனை விரைவுபடுத்தி, முன்னோக்கிச் செலுத்துகின்றது. அவ்விரைவின்றிப் பற்றீரியா வாழாது.

இதனை மருந்தும் மெய்ப்பிக்கின்றது. பியூசிடிக் அமிலம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, ஜீ காரணியை இறைபோசோமிலிருந்து விலகவிடாது சிக்கவைக்கின்றது. புரத உற்பத்தி நின்றுவிடுகின்றது. சிதம்பரத்திலே 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் கேம்பிறிட்ஜ் ஆய்வுக்குழுவினர், இம்மருந்தைக் கொண்டே அச்சிக்கிய நிலையின் அமைப்பை 2009இல் வெளியிட்டனர். இறைபோசோம் ஆய்வுக்காக அவர் தோமஸ் ஸ்ரைற்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்ததும் அவ்வாண்டே.

பரிசுபெற்ற பெயர்கள் மாணவருக்குத் தெரிந்திருக்கவேண்டியவையே. ஆனால், பனிப்போர் பிரித்துவைத்த இரு முகாம்களிலும் பலர் தனித்தனியே தேடிச் சேர்த்த உண்மை இது என்பதும் அவர்களுக்குத் தெரியவேண்டும். 'ஜீ காரணி இறைபோசோமைத் தள்ளுகின்றது' என்று ஒரே வரியிற் கற்பித்து முடிப்போமாயின், தொழிலாளியின் ஆற்றலை மேற்பார்வையாளனின் கணக்கில் எழுதும் பழைய வழக்கத்தையே நாமும் பின்பற்றியவர்களாவோம்.