வல்லரசுப் போட்டியும் சிறிய நாடுகளின் தெரிவும்

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லருக்கு எதிராக ஒரே அணியில் நின்ற அமெரிக்காவும் சோவியத் யூனியனும், 1945 இல் போர் முடிந்த சிறிது காலத்திலேயே எதிரெதிர் முகாம்களாகப் பிரிந்தன. ஒன்றையொன்று நேரடியாகத் தாக்காமல் ஏனைய நாடுகளின் மண்ணிலும் சந்தைகளிலும் சர்வதேச சபைகளிலும் அவை நடத்திய போட்டியே கெடுபிடி யுத்தம் என அழைக்கப்பட்டது. 1991 இல் சோவியத் யூனியன் கலைக்கப்படும் வரை அமெரிக்கா கடைப்பிடித்த அடிப்படைக் கொள்கை, கம்யூனிசம் மேலும் பரவாமல் கட்டுப்படுத்துவதாகும். வல்லரசுகளின் போட்டி இந்து சமுத்திரத்தில் மீண்டும் உணரப்படும் இவ்வேளையில், அக்கொள்கை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு உருமாறியது, அதன் விலையைச் செலுத்தியோர் யார் என்பதை நாம் மீட்டுப் பார்ப்பது அவசியமாகும்.

இக்கொள்கைக்கு வித்திட்டவர், மொஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய இராஜதந்திரி ஜோர்ஜ் கெனன் ஆவார். 1946 பெப்ரவரியில் அவர் வொஷிங்டனுக்கு அனுப்பிய நீண்ட தந்தியும், 1947 ஜூலையில் 'எக்ஸ்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையும் அமெரிக்காவின் சிந்தனையை வழிநடத்தின. சோவியத் ஆட்சி தனது செல்வாக்கை விரிவுபடுத்த முனைந்துகொண்டே இருக்கும். போரில் இறங்காமல், பொறுமையுடனும் உறுதியுடனும் அதனை நீண்டகாலம் தடுத்து நிறுத்தினால் காலப்போக்கில் அது மென்மையடையும் அல்லது உள்ளிருந்தே தளர்ந்துவிடும் என்பதே அவரது வாதம்.

இவ்வாதம் விரைவிலேயே செயல் வடிவம் பெற்றது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இனிமேல் உதவ இயலாது எனப் பிரிட்டன் கைவிரித்தபோது, ஜனாதிபதி ட்ரூமன் 1947 மார்ச் 12 ஆம் திகதி காங்கிரஸில் உரையாற்றி, அவ்விரு நாடுகளுக்கும் 400 மில்லியன் டொலரைக் கோரினார். அடுத்து வந்த மார்ஷல் திட்டத்தின் கீழ், 1948 முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 13 பில்லியன் டொலர் மேற்கு ஐரோப்பாவுக்கு வழங்கப்பட்டது. பசியும் வேலையின்மையுமே கம்யூனிசத்தின் விளைநிலம் என்ற கணிப்பு இதன் பின்னணியில் இருந்தது.

மறுதரப்பின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்க முடியாது. சோவியத் யூனியன் போரில் சுமார் 27 மில்லியன் மக்களை இழந்திருந்தது. மேற்கிலிருந்து மீண்டும் ஒரு படையெடுப்பு வரக்கூடாது என்பது அதன் நிலைப்பாடு. ஆயினும் அதன் பெயரால் கிழக்கு ஐரோப்பிய மக்கள் மீது ஆட்சிகளைத் திணித்ததையும், 1956 இல் ஹங்கேரியிலும் 1968 இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும் டாங்கிகளை அனுப்பியதையும் எவரும் நியாயப்படுத்த முடியாது.

1949 இல் நேட்டோ அமைப்பு உருவானது. அதே ஆண்டில் சோவியத் யூனியன் அணுகுண்டைப் பரிசோதித்தது. சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் கட்டுப்படுத்தும் கொள்கை முழுமையாக இராணுவமயமானது. தாம் கருதியது பிரதானமாக அரசியல் ரீதியான தடுப்பையே எனக் கெனன் பின்னர் வலியுறுத்தினாலும், கொள்கை அவரது கைகளை விட்டு வெகுதூரம் சென்றிருந்தது. 1953 இல் போர் ஓய்ந்தபோது, தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே கொரியாவின் எல்லை நின்றது. ஆனால், இலட்சக்கணக்கானோர் மாண்டிருந்தனர்.

இதன்பின் உடன்படிக்கைகள் பெருகின. 1954 இல் மணிலாவில் தென்கிழக்காசிய உடன்படிக்கையும், 1955 இல் துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான், பிரிட்டன் ஆகியவற்றை இணைத்த பாக்தாத் உடன்படிக்கையும் உருவாகின. மக்களின் மனநிலையைக் கருதாமல் செய்யப்பட்ட ஏற்பாடுகள் நிலைக்கவில்லை. 1958 இல் ஈராக்கின் மன்னராட்சி கவிழ்க்கப்பட்டது. மறு ஆண்டு அந்நாடு உடன்படிக்கையிலிருந்து விலகியது. ஈரானில் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கிய பிரதமர் மொசாதிக்கை, 1953 இல் அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகளின் துணையுடன் வீழ்த்தினர். கம்யூனிச அபாயமே அமெரிக்கா முன்வைத்த காரணம். அந்த வடு 1979 புரட்சியின்போதும் ஆறியிருக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் படை நகர்த்திய சோவியத் யூனியனோ 1989 வரை அங்கு சிக்கித் தவித்தது. வியட்நாமில் உயிரிழந்த அமெரிக்கப் படையினர் 58,000 க்கும் அதிகம். வியட்நாமியரின் இழப்பு அதனைப் பன்மடங்கு விஞ்சியது.

இப்போட்டியின் இரு முனைகளும் எமது நாட்டையும் தீண்டின. சுதந்திரம் பெற்ற இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் கோரியபோது, 1948 இல் சோவியத் யூனியன் தனது வீட்டோ அதிகாரத்தால் அதனைத் தடுத்தது. 1955 டிசம்பரிலேயே இலங்கைக்கு அச்சபையின் கதவு திறந்தது. மறுபுறம், 1952 இல் அரிசித் தட்டுப்பாடும் இறப்பர் விலை வீழ்ச்சியும் நாட்டை வாட்டின. கொரியப் போர் காரணமாகச் சீனாவுக்கு மூலோபாயப் பொருட்களை விற்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை தடை கோரியிருந்தது. அச்சபையின் அங்கத்துவ நாடாக இல்லாத இலங்கை, அதே ஆண்டு டிசம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் என்பது உடன்பாடு. அமெரிக்கா அதிருப்தியடைந்து, தனது சட்டத்தைக் காட்டிப் பொருளாதார உதவியை மறுத்தது. எனினும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு மூன்று தசாப்தங்கள் நீடித்தது.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இந்த ஒப்பந்தத்தைச் செய்தது இடதுசாரி அரசாங்கம் அன்று. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கமே வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்கவின் முயற்சியில் இதனை நிறைவேற்றியது. மக்களின் சோற்றுக்கும் தோட்டங்களில் உழைப்போரின் வேலைக்கும் முன்னால் சித்தாந்தம் பின்தள்ளப்பட்டது.

கெனன் எதிர்பார்த்தவாறே சோவியத் யூனியன் ஈற்றில் உள்ளிருந்தே தளர்ந்தது. ஆயினும் அதற்கு முந்திய நாற்பத்தைந்து ஆண்டுகளின் பெரும் விலையைச் செலுத்தியோர் கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் சாதாரண மக்களே. யானைகள் மோதும்போது மிதிபடுவது புல்லே என்பர். புல்லாக இருந்துவிடாமல், எந்தவொரு முகாமுக்கும் அடகு போகாமல், தனது மக்களின் தேவையை அளவுகோலாகக் கொண்டு முடிவெடுக்க ஒரு சிறிய நாட்டினாலும் இயலும் என்பதை 1952 எமக்குக் காட்டுகிறது. துறைமுகங்களுக்காகவும் கடல் வழிகளுக்காகவும் பெரிய நாடுகள் எமது வாசலில் போட்டியிடும் இக்காலத்தில், ஆட்சியில் இருப்போர் எவராயினும் அப்பாடத்தை மறத்தல் ஆகாது என்பதே எமது கருத்தாகும்.