உப்புக்காற்றும் வெளிச்சுவரும்: புத்தளக் கரையோரத்தில் வெள்ளையடிப்புத் தொழில்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் தெற்கே மா ஓயாவின் முகத்துவாரத்தில் தொடங்கி, சிலாபம், உடப்பு, கற்பிட்டித் தீபகற்பம் ஆகியவற்றைக் கடந்து, வடக்கே வில்பத்துக் காட்டின் விளிம்பு வரை நீள்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் தென்மேற்கு மூலைக்கு மழையைக் கொட்டிவிட்டு, இந்தக் கரைக்கு வரும்போது பெரும்பாலும் உப்புத்துளியையே சுமந்து வருகிறது. இலங்கையின் பெரிய உப்பளங்களுள் ஒன்று புத்தளக் களப்பின் ஓரத்தில் விளைவதற்குக் காரணமான அதே வெயிலும் காற்றும்தான் இங்குள்ள வீடுகளின் வெளிச்சுவர்களுக்குப் பகையாக இருக்கின்றன. ஆகவே வெளிச்சுவருக்குப் பூச்சுப் பூசுவது, இங்கு அழகுக்கான செலவாக இருப்பதற்கு முன்பே, சுவரைக் காக்கும் கடமையாக இருந்து வந்திருக்கிறது. அந்தக் கடமையை யார் செய்தார், எந்தப் பொருளைக் கொண்டு செய்தார், வீட்டுக்காரர் அவருக்கு எதற்காகக் கூலி கொடுத்தார் என்பவை காலந்தோறும் மாறியுள்ளன. அந்த மாற்றத்தை அறியாமல் இன்று ஒரு பெயின்டரை அமர்த்துபவர், பெரும்பாலும் தவறான வேலைக்கே பணம் கொடுக்கிறார்.

கூலிக்கு ஆள் வைத்துச் சுவர் பூசும் வழக்கம் இக்கரையில் மிகப் பழையதன்று. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்ட அந்த ஊரை, மர அரணும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு பட்டினமாகவே கண்டார். குடிமக்களின் வீடுகளோ, வரிச்சு கட்டி, அதாவது மெல்லிய கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, இடைவெளியில் மண்ணை அப்பி, மேலே தென்னங்கிடுகு வேய்ந்தவையாக நெடுங்காலம் இருந்தன. அத்தகைய சுவரை மழைக்குப் பின் மண்ணும் சாணமும் குழைத்து மெழுகியவர்கள் வீட்டுப் பெண்களே. அந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, தொழில் என்ற பெயரும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் சுவரைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அவர்களுடைய கைகளில்தான் முதலில் உருவானது என்பதை இத்தொழிலின் வரலாற்றில் முதலிடத்தில் வைப்பதே நேர்மையாகும்.

கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுவர்கள் வழிபாட்டிடங்களோடும் கோட்டைகளோடும் பரவின. கற்பிட்டியில் போர்த்துக்கேயர் ஊன்றியிருந்த இடத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், களப்பின் வாயிலைக் காவல் செய்யவும் கண்டி இராச்சியத்தின் கடல் வணிகத்தைக் கட்டுப்படுத்தவும், 1667 முதல் 1676 வரை அங்கே ஒரு கோட்டையைக் கட்டினர். அதன் மதில்கள் முருகைக்கல்லாலும், அதாவது கடலில் வளரும் பவளப்பாறையிலிருந்து வெட்டியெடுத்த கல்லாலும், சுண்ணக்கல்லாலும் எழுந்தன. முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்தது. வெட்டும்போது மென்மையாகவும் உலர்ந்தபின் உறுதியாகவும் இருப்பது. ஆனால் ஈரத்தையும் உப்பையும் தாராளமாக உறிஞ்சிக்கொள்வது. இந்துமாக்கடலைச் சுற்றி மாலைதீவிலும் கிழக்காபிரிக்கக் கரையிலும் இதே கல்லால் பள்ளிவாசல்களும் மாளிகைகளும் எழும்பியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் அந்தக் கல்லுக்குத் துணையாகச் சென்றது சுண்ணாம்பே. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடக்கூடிய பூச்சு அது என்பதை இரசாயனம் படிக்காமலே அந்தக் கரைகளின் மேசன்மார் அறிந்திருந்தனர்.

சுண்ணாம்பு உருவாகும் முறையைச் சற்று விரிவாகக் கூறாமல் இந்தத் தொழிலாளியின் திறமையை விளங்க வைக்க முடியாது. கரையில் ஒதுங்கிய சிப்பியையும் முருகைக்கல்லையும் விறகோடு மாறி மாறி அடுக்கிச் சூளையில் எரித்தால், ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதன்மேல் நீர் ஊற்றும்போது அது கொதித்துப் பொங்கிப் பொடியாகவோ களியாகவோ மாறுவதையே நீற்றுதல் என்கிறோம். நீற்றிய களியைக் குழியிலிட்டு, காய்ந்துவிடாமல் நீர் நிற்க விட்டு, நாள் கணக்கிலும் பெரிய வேலைகளுக்கு மாதக் கணக்கிலும் ஊறவைத்தபோது, நீறாத துகள்கள் முற்றாகக் கரைந்து சுண்ணாம்பு வெண்ணெய் போலானது. ஊறாத சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், எஞ்சிய துகள்கள் பின்னர் ஈரம் கண்டு விரிந்து, பூச்சில் சிறு குழிகளை வெடிக்கச் செய்யும். மணலோடு கலந்து தடிப்பாகப் பூசுவது காரை எனவும், நீரில் பால் போலக் கரைத்து மெல்லியதாக அடிப்பது வெள்ளையடிப்பு எனவும் வழங்கின.

வெள்ளையடிப்பவர் முதலில் பழைய செதில்களைச் சுரண்டி, சுவரை நல்ல நீரால் கழுவி, ஈரம் காயும் முன்னரே சுண்ணாம்புப் பாலை அடிக்கத் தொடங்குவார். காய்ந்த சுவரில் அடித்தால் சுவர் நீரை உறிஞ்ச, சுண்ணாம்பு பிடிப்பின்றிப் பொடியாக உதிரும்; உச்சி வெயிலில் அடித்தாலும் அதே கதிதான். ஆகவே காலையில் ஒரு முகமும் மாலையில் மறுமுகமுமாக, வெயிலை விட்டு விலகி நிழலைத் தொடர்ந்து வேலை நகர்ந்தது. பிடிப்புக்காகக் கஞ்சி அல்லது பசை, ஈரத்தைச் சற்றே பிடித்து வைக்க உப்பு, மஞ்சள் சாயலைப் போக்க நீலம் என்று சேர்க்கும் பொருள்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. மட்டையை நசுக்கியோ தும்பைக் கட்டியோ செய்த தூரிகை கொண்டு, ஒரு பூச்சை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புப் பால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. உலர உலரத்தான் வெண்மை ஏறும். பொறுமையற்றவர் முதற்பூச்சையே தடிப்பாக அடித்துவிடுவார், அது பின்னர் வெடிக்கும். உலர்ந்த பூச்சு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மீண்டும் ஏற்று நாளடைவில் கல்லாகிறது. கடலில் சிப்பியாக இருந்த பொருள் சுவரில் மறுபடியும் அதே பொருளாகிறது என்பது இத்தொழிலின் வியப்புக்குரிய உண்மை. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும் என்பதால் கையிலும் முகத்திலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இவ்வேலையில் இறங்குவார்கள்.

இந்த முறையில், கூலி கொடுப்பவர் விலை கொடுத்தது நிறத்துக்கு அன்று. பொருள் அதே கரையில் கிடைத்தது; அதன் விலை குறைவு; சுண்ணாம்பு சரியாக நீறியதா, சுவர் சரியாக நனைந்ததா என்று அறியும் கையனுபவத்துக்கே கூலி. பூச்சு மெல்லியது என்பதால் ஓரிரு ஆண்டுகளில் மங்கும். எனவே அதே வீட்டுக்கு அதே ஆள் திரும்பத் திரும்ப வருவார். பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் பெருநாள்களும் நத்தாரும், தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவும், உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்பும், முன்னேசுவரத்தின் உற்சவமும் நெருங்கும்போது வெள்ளையடிப்பு நடந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களக் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் நாட்காட்டிகள் வெவ்வேறாக இருந்ததால், ஒருவரது பண்டிகை முடிந்தால் மற்றவரது பண்டிகைக்கு வேலை கிடைத்தது. இவ்வாறு திரும்ப வரும் உறவில் ஏமாற்றுவதற்கு இடம் குறைவு. முந்திய ஆண்டின் குறை அடுத்த ஆண்டில் அவர் கண்முன்னேயே உரிந்து நிற்கும்.

ஆங்கிலேயர் 1795இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய பின், கச்சேரி, வாடிவீடு, மருத்துவமனை போன்ற அரசுக் கட்டடங்களின் பராமரிப்பு காலப்போக்கில் பொதுமராமத்து இலாகாவின் பொறுப்பாயிற்று. சுண்ணாம்பு கிருமியை அடக்கும் என்பதால் அக்கால நிர்வாகம் வெள்ளையடிப்பைப் பொதுச் சுகாதாரத்தின் ஒரு கூறாகவே பார்த்தது. 1926இல் புத்தளம் வரை புகையிரதப் பாதை நீண்டபின் கொழும்புச் சரக்குகள் முன்னிலும் விரைவாக வந்தன. கதவுக்கும் யன்னலுக்கும் எண்ணெய்ப் பெயின்ட், சுவருக்கு டிஸ்டெம்பரும் சீமெந்துப் பொடிப் பூச்சும் என்று கடைப்பொருள்கள் மெல்ல நுழைந்தாலும், பெரும்பாலான வெளிச்சுவர்கள் இன்னும் சில பத்தாண்டுகளுக்குச் சுண்ணாம்பையே நம்பியிருந்தன.

உண்மையான முறிவு 1970இல் வந்தது. புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியில் அரசு நிறுவிய சீமெந்துத் தொழிற்சாலை, வடக்கே அருவக்காட்டில் வெட்டிய சுண்ணக்கல்லைத் தனிப் புகையிரதப் பாதையில் கொண்டுவந்து அரைத்தது. அந்தச் சுண்ணக்கல்லும் தொல்கடலின் சிப்பிகளும் பவளங்களும் படிந்து உருவானதே. ஆனால் அதிலிருந்து பிறந்த சீமெந்து, சுண்ணாம்பின் குணத்துக்கு மாறாக இறுகிய, ஈரத்தை எளிதில் வெளியே விடாத சுவரைத் தந்தது. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது தகரத்தில் அடைத்த எமல்ஷன் பெயின்ட், அதாவது பிளாஸ்டிக் பிசின் துகள்களை நீரில் பரப்பிச் செய்த பூச்சு, சிறு நகரக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கம், முருகைக்கல் அகழ்வால் கரை அரிக்கப்படுவதைத் தடுக்க 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு அந்த அகழ்வு தடை செய்யப்பட்டது. 1992இல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளத் திட்டு கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக்கப்பட்டது. இந்தத் தடை முற்றிலும் நியாயமானது. பவளப்பாறை அழிந்தால் வீடு நிற்கும் கரையே மிஞ்சாது. எனினும் கடற்சுண்ணாம்பு போனதோடு அதை நீற்றவும் அடிக்கவும் தெரிந்த கைகளும் வேலையிழந்தன. இன்று தேவைப்படும் சுண்ணாம்பு மாத்தளை போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் சூளைகளிலிருந்தே வருகிறது.

சீமெந்துச் சுவர்களின் பெருக்கத்தில் இடப்பெயர்வுக்கும் பங்குண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். கிடுகுக் குடிசைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்த பின், உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டம் அவர்களுக்குச் சீமெந்துக்கல் வீடுகளைக் கட்டிக்கொள்ள வழி செய்தது. கூரையும் சுவரும் முடித்ததோடு பணம் தீர்ந்துபோன குடும்பங்களுக்கு வெளிப்பூச்சு கடைசிச் செலவாகத் தள்ளிப்போவது இயல்பு. இழந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டின் முன்சுவருக்கு நிறம் அடிக்கும் நாள் இத்தகைய குடும்பங்களுக்கு எத்தகையது என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டாது.

இன்று வெளிச்சுவர் வேலைக்கு ஆள் அமர்த்தும் முறைகள் இரண்டு. பாஸ் என்று அழைக்கப்படும் தலைமைத் தொழிலாளிக்கும் அவருடைய உதவியாளருக்கும் நாட்சம்பளம் கொடுத்து, பெயின்டையும் சாரம் கட்டும் பொருளையும் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுப்பது ஒன்று; சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முழு வேலையையும் கொந்தராத்தாக விடுவது மற்றொன்று. முன்னதில் வேலை இழுபடும் என்ற அச்சமும், பின்னதில் வேலை விரைந்து முடிக்கப்படும் என்ற அச்சமும் உண்டு. ஆனால் இக்கரையின் சுவர் உரிவதற்கு இரண்டுமே முதற்காரணமல்ல. சாந்துக்குக் கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் கலந்திருந்தால் உப்பு உள்ளிருந்தே பூக்கும். காற்று கொணர்ந்த உப்பை நல்ல நீரால் கழுவி அகற்றாமல் பூசினால் அது பூச்சுக்கடியில் ஈரத்தை இழுக்கும். புதுச் சாந்து ஏறக்குறைய 4 வாரம் இறுகி உலர்வதற்கு முன் அடித்தால் அதன் காரத்தன்மை நிறத்தைத் தின்னும். இவற்றைத் தடுக்கும் கழுவுதல், சுரண்டுதல், உலரவிடுதல், பிரைமர் என்னும் அடிப்பூச்சு ஆகிய வேலைகள் முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாதவை. பழைய வெள்ளையடிப்பாளரின் கூலி எதற்காக இருந்ததோ அந்த வேலைக்கே இன்றைய பேரத்தில் முதலில் வெட்டு விழுகிறது. தகரத்தின் மேலுள்ள உத்தரவாதத்தை நம்பி, அதைப் பூசுபவருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுக்க மறுப்பது இக்கரையில் நட்டக் கணக்கே.

பெயின்டரின் உடல்நலமும் இந்தப் பேரத்தில் மறக்கப்படுகிறது. ஈய வெள்ளை கலந்த பெயின்ட் தொழிலாளிகளுக்கு நஞ்சானதால், அதைக் கட்டடங்களின் உட்பகுதியில் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டைச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1921இலேயே நிறைவேற்றியது. இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கான சட்ட வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பூச்சை உலர்நிலையில் தேய்க்கும்போது எழும் தூசியை, முகமூடியின்றி ஆள் சுவாசிக்க விடக்கூடாது. வீட்டிலுள்ள குழந்தைகளையும் அந்த இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

புதிய சீமெந்து வீட்டுக்கு எமல்ஷன் பொருந்தும். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் எஞ்சியுள்ள முருகைக்கல் சுவர்களுக்கு அது பொருந்தாது. ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும் பிளாஸ்டிக் தோல் அந்தச் சுவரின்மேல் ஏறினால், தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் புகுந்த உப்பு வெளியேற வழியின்றிப் படிகமாகிக் கல்லையே உள்ளிருந்து பொடியாக்குகிறது. பூச்சு கொப்புளித்து உரியும்போது பழைய காரையும் அதோடு பெயர்ந்து வருகிறது. அழகுபடுத்தும் நன்னோக்கத்தோடு பழைய தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ எமல்ஷன் அடிக்க நன்கொடை கொடுப்பவர், தெரியாமலே அந்தக் கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கிறார். ஆகவே இக்கரையின் ஆலய அறங்காவலர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் பங்குத்தந்தையரும் பழைய வீடுகளின் உரிமையாளரும், அடுத்த முறை ஆள் அமர்த்துவதற்கு முன் சுவர் எந்தக் கல்லால் ஆனது என்று பார்க்க வேண்டும்; முருகைக்கல்லாக இருந்தால் சுண்ணாம்பையே கேட்க வேண்டும்; அதை நீற்றி அடிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் ஊரில் இருந்தால், இளைய பெயின்டர் ஒருவரையும் அவருடன் சேர்த்து இருவருக்கும் கூலி கொடுத்து அந்த வேலையைச் செய்விக்க வேண்டும்.